மண்ணில் இறங்க வேண்டியது கார்தான்: டெல்டா ரோட்டில் பைக்கும் காரும்

திருவையாறு பக்கமோ மன்னார்குடி பக்கமோ கிராமத்து ரோட்டில் ஓட்டியவர்களுக்குத் தெரியும், ஒரு கார் போனால் மிச்சம் ஒரு பைக்குக்குத்தான் இடம், அதுவும் ஒட்டி உரசிக்கொண்டு. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வயல். எதிரும் புதிருமாக வரும்போது தாரை விட்டு யார் இறங்குவது?

வழக்கத்தில் பைக்காரர்தான் இறங்குகிறார். பெரிய வண்டி வந்தால் சின்ன வண்டி ஒதுங்க வேண்டும் என்று பழகிவிட்டோம். இது மாற வேண்டும். பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு பல இடங்களில் தார் விளிம்பு மண்ணைவிட நாலு விரல் உயரத்தில் நிற்கிறது. அதில் பைக்கின் முன்சக்கரம் சாய்வாக இறங்கினாலே நழுவும், திரும்ப ஏறும்போது சக்கரம் விளிம்பில் உரசிக்கொண்டே ஓடி ஆளைத் தாரின் மேலேயே, அதாவது எதிரே வருகிற வண்டிக்கு முன்னால், தள்ளிவிடும். காருக்கு அந்தப் பயம் கிடையாது. வேகத்தை நன்றாகக் குறைத்து, இடது பக்கச் சக்கரம் இரண்டையும் மண்ணில் இறக்கி, பைக்கைத் தாரிலேயே போக விடுங்கள்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கரை மண் ஊறிப் போயிருக்கும், வாய்க்கால் பக்கம் காரை இறக்கினால் கரையோடு சரிந்துவிடும். அப்போது தாரிலேயே காரை முழுசாக நிறுத்திவிடுங்கள், பைக் மெதுவாக ஒதுங்கிப் போகட்டும்.

பைக்கில் வருகிறவர் இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் தாரில் இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், மண்ணில் போய் முன் பிரேக்கை அழுத்தக் கூடாது. திரும்ப ஏற, நின்று, பின்னால் பார்த்து, ஹேண்டிலை நன்றாக ஒடித்து விளிம்பை நேருக்கு நேராக ஏறுங்கள்.

இரவில் லைட்டை டிம் செய்வது எல்லோருக்கும் தெரிந்த விஷயம், ஆனாலும் ஆற்றங்கரை ரோட்டில் எத்தனை பேர் செய்கிறார்கள்? எதிரே வரும் பைக்காரருக்கு முன்னால் கண்ணாடி இல்லை, நெல் விளையும் காலத்தில் பூச்சி கண்ணிலேயே அடிக்கும், அதோடு உங்கள் ஹைபீமும் சேர்ந்தால் ரோடு எங்கே முடிகிறது, ஆறு எங்கே தொடங்குகிறது என்று அவருக்குத் தெரியாது. எதிரே வெளிச்சம் தெரிந்த உடனே டிம் செய்யுங்கள், பக்கத்தில் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பைக்குக்கும் இது பொருந்தும், அதுவும் புது எல்.இ.டி. லைட் போட்டவர்களுக்கு.

பைக்காரர் ரோட்டைப் படித்துக்கொண்டே ஓட்டுகிறார், காரில் இருப்பவருக்கு அந்தப் பள்ளமும் வழுக்கலும் தெரிவதில்லை. சம்பா அறுவடையில் அறுவடை மிஷின் உதிர்த்துவிட்டுப் போன சேற்றுக் கட்டி, காயப் போட்ட நெல், பிறகு பங்குனி வாக்கில் வண்டி ஏறி மிதிக்கட்டும் என்று ரோட்டில் பரப்பிய உளுந்துச் செடி, ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்கு ராத்திரியில் நடந்து போகும் கூட்டம், எங்கிருந்தோ ஏறி வரும் வாத்துக் கூட்டம், இதில் எதைப் பார்த்தாலும் பைக் சட்டென்று வலது பக்கம் விலகும். அதனால் முன்னால் பைக் போனால் இரண்டு விநாடி இடைவெளி விடுங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விநாடி என்றால் ஏறக்குறைய 33 மீட்டர். மழையில் இரண்டு மடங்கு. பைக்காரர்களே, விலகும் முன் தோளுக்கு மேலே ஒரு முறை திரும்பிப் பாருங்கள், அப்புறம் வைக்கோல் மேல் பிரேக் பிடிக்காதீர்கள், ஹேண்டிலையும் ஒடிக்காதீர்கள், நேராகத் தாண்டிவிடுங்கள். காரை முந்தும்போது அதன் கண்ணாடியில் ஓட்டுகிறவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் நீங்கள் தெரியவில்லை. இடது பக்கம் புகுந்து முந்துவது வேண்டவே வேண்டாம், மண்ணில் இறங்கப் போகிற கார் உங்கள் மேல்தான் இறங்கும்.

முந்துங்கள் என்று சொல்ல இண்டிகேட்டர் போடும் பழக்கத்தையும் விடுங்கள். முன்னால் போகிறவர் திரும்புகிறாரா, வழி விடுகிறாரா என்று பின்னால் இருப்பவர் ஊகிக்க வேண்டியிருக்கிறது. நேராகப் போவதற்கு நாலு இண்டிகேட்டரையும் எரிய விடுவதும் அதே குழப்பம்தான்.

நீடாமங்கலம் ரயில்வே கேட் மாதிரி இடங்களில் வரிசையை விட்டு எதிர்ப்பக்கத்தில் போய் நிற்காதீர்கள், பைக்கானாலும் காரானாலும். இரண்டு பக்கமும் அப்படி நிரம்பினால் கேட் திறந்த பிறகும் யாரும் நகர முடியாது, ஆம்புலன்சும் அதில்தான் மாட்டும்.

கும்பகோணம் கடைத்தெருவில் காரை நிறுத்தினால் வலது பக்கக் கதவை இடது கையால் திறந்து பாருங்கள். உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வரும் பைக் கண்ணில் படும். பின் சீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் நீங்கள் சொல்லும்வரை கதவைத் திறக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு யாராவது விழுந்து கிடந்தால், உங்கள் வண்டி மோதியிருந்தாலும் இல்லாவிட்டாலும், நில்லுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், ஹெல்மெட்டை அவசரப்பட்டு இழுக்காதீர்கள், கழுத்தை அசைக்காதீர்கள், பின்னால் வரும் வண்டிகளைத் தூரத்திலேயே நிறுத்த ஒருவரை அனுப்புங்கள். செலவை நினைத்தும் தயங்க வேண்டாம், தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில், சேர்ந்திருக்கும் தனியார் ஆஸ்பத்திரிகளிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை வரம்புத் தொகைக்குள் இலவசம். போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டியிருக்குமோ என்று பயந்துதான் பலர் தாண்டிப் போகிறார்கள். விபத்தில் சம்பந்தப்படாமல், நல்லெண்ணத்தில் உதவுகிறவர் மேல் வழக்கு வராது என்று 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு சொல்கிறது, அவரைப் பெயர் சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் முடியாது.