பவளத் தொட்டிக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும்?

உயிருள்ள பவளங்களைக் கடல்நீரில் வளர்க்கும் பவளத் தொட்டிக்கு விளக்கு வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது எத்தனை வாட் என்பதைத்தான். ஆனால் வாட் என்பது விளக்கு இழுக்கும் மின்சாரத்தின் கணக்கே தவிர, பவளத்தின் மேல் விழும் ஒளியின் கணக்கன்று. பவளத்தின் திசுவுக்குள் குடியிருக்கும் சூசாந்தெல்லே என்னும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கையால் ஆக்கும் உணவில் பெரும்பங்கு பவளத்துக்கே போகிறது என்பதால், அந்தப் பாசிகளுக்குப் பயன்படும் 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளியைக் காட்டும் பிஏஆர் அளவே நமக்கு வேண்டியது. கைப்பேசிச் செயலி காட்டும் லக்ஸ் எண் இங்கே உதவாது. அது மனிதக் கண்ணை ஒட்டிய அளவு, நீலத்தை மிகக் குறைத்தே மதிப்பிடும், நம் விளக்குகளோ பெரும்பாலும் நீலம்.

பிஏஆர் மீட்டரை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை, ஒரு நாளுக்கு இரவல் கிடைத்தால் போதும். பம்புகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பவளம் உட்காரப்போகும் இடத்தில் உணரியை மேல்நோக்கி வைத்துப் பாருங்கள். நீரின் மேற்பரப்பு அசைவதால் எண் ஏறி இறங்கும். சிறிது நேரம் பார்த்துச் சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பாறையில் உச்சிக்கும் அடிவாரத்துக்கும் மும்மடங்கு வித்தியாசம் இருப்பது சாதாரணம்.

காளான் பவளம், தோல் பவளம் போன்ற மென்பவளங்களில் பெரும்பாலானவற்றுக்கு 50 முதல் 100 மைக்ரோமோல் (பிஏஆர் அளவின் அலகு) போதும். சுத்தியல் பவளம், டார்ச் பவளம் முதலிய, பெரிய பாலிப் (பவளக் கூட்டத்தில் உள்ள ஒவ்வொரு சிற்றுயிர்) கொண்ட கல்பவளங்களை 80 முதல் 150 வரையில் வைக்கலாம். ஆக்ரோபோரா போன்ற சிறிய பாலிப் வகைகள் 200 முதல் 350 வரை கேட்கும். சூரியப் பவளத்தைப் பெயரைப் பார்த்து விளக்கின் நேர்கீழே வைப்பவர்கள் உண்டு. அதன் உடலில் பாசியே கிடையாது, அதற்கு வேண்டியது ஒளியன்று, நேரத்துக்குத் தீனி.

புதிய பவளத்தை இலக்கு அளவில் பாதியில் தொடங்கி, மூன்று நான்கு வாரங்களில் படிப்படியாக உயர்த்துங்கள். முழு ஒளி எட்டு மணி நேரத்துக்கு மேல் தேவைப்படுவது அரிது. வெளிச்சம் குறைந்தால் பவளம் பாசியைப் பெருக்கிக்கொண்டு பழுப்பேறும், மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். மிகுந்தாலோ பாலிப் சுருங்கி, மேற்புறத்திலிருந்து நிறம் வெளுத்து, சில நாட்களிலேயே வெள்ளை எலும்புக்கூடு தெரியத் தொடங்கிவிடும். ஆகவே ஐயம் வந்தால் குறைப்பதே என் வழக்கம்.

விளக்கைத் தொடாமலே வெளிச்சம் கூடிவிடுவதும் உண்டு. ஒருமுறை நெடுநாள் கழித்து வடிகட்டியில் நீரின் நிறத்தை உறிஞ்சும் புதிய கரியைப் போட்டேன். மஞ்சள் பூத்திருந்த நீர் மறுநாளே பளிங்குபோல் தெளிந்தது, அந்த வாரத்திலேயே சுத்தியல் பவளத்தின் விளக்கைப் பார்த்த பக்கம் வெளிறி, நிழல் பக்கம் மட்டும் பழைய பச்சையில் நின்றது. அதன் பிறகு கரியை மாற்றும்போதும், மேல்மூடிக் கண்ணாடியில் படிந்த உப்பைத் துடைக்கும்போதும், விளக்கின் அளவை முதலில் ஐந்தில் ஒரு பங்கு குறைத்துவிட்டு, இரண்டு வாரத்தில் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறேன்.