குழந்தைக்கான மருந்தைக் கையில் கொடுக்கும் முன்: மெடிக்கல் ஷாப் மருந்தாளுநருக்கு

மருத்துவர் சரியாகவே எழுதிய மருந்துகூட வீட்டில் தவறான அளவில் குழந்தையின் வாய்க்குள் போய்விடும். அதைத் தடுக்க வாய்ப்புள்ள கடைசி ஆள் கவுன்ட்டரில் நிற்கும் மருந்தாளுநர். 1948ஆம் ஆண்டின் மருந்தாளுநர் சட்டம், சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலையைப் பதிவு பெற்றவரிடம் மட்டும் ஒப்படைத்திருப்பதும் இதற்காகத்தான். கூட்ட நேரத்தில் குழந்தை மருந்தைக் கடைப் பையனிடம் விட்டுவிடாதீர்கள்.

முதலில் எடை கேளுங்கள்

"குழந்தை எத்தனை கிலோ இருக்குங்கம்மா?" வயதைவிட இந்தக் கேள்விதான் முக்கியம். தெரியாது என்றால் தடுப்பூசி அட்டையைப் பார்க்கலாம். அல்லது கடையிலுள்ள எடை மெஷினில் அம்மா குழந்தையோடு ஒரு முறை, தனியாக ஒரு முறை ஏறி நின்றால் கணக்கு வந்துவிடும்.

பாராசிட்டமாலுக்கு ஒரு வேளை அளவு கிலோவுக்கு 15 மி.கி. பத்து கிலோ குழந்தைக்கு 150 மி.கி. இது 125 சிரப்பில் (5 மி.லி.க்கு 125 மி.கி.) 6 மி.லி., 250 சிரப்பில் (5 மி.லி.க்கு 250 மி.கி.) 3 மி.லி., ஒரு மி.லி.க்கு 100 மி.கி. உள்ள டிராப்ஸில் 1.5 மி.லி. மூன்றும் ஒரே மருந்து, பெட்டிகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். போன முறை 125 வாங்கியவரிடம் இந்த முறை 250 கொடுத்து, அவர் பழைய பழக்கத்தில் 6 மி.லி. ஊற்றினால் அளவு இரட்டிப்பாகும். டிராப்ஸை சிரப் என்று நினைத்து 6 மி.லி. ஊற்றினால் 600 மி.கி. உள்ளே போகும், நான்கு மடங்கு. அதனால் பாட்டில் மாறும்போதெல்லாம், "இது போன தடவை வாங்கினது இல்லீங்க, அளவு வேற" என்று சொல்லி, மி.லி. எண்ணை லேபிளில் பெரிதாக எழுதுங்கள்.

இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது நான்கு மணி நேரம், ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் இல்லை. சளிக்கென்று வேறு சிரப் வீட்டில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பல சளி சிரப்புகளில் பாராசிட்டமால் ஏற்கெனவே கலந்திருக்கிறது.

மழைக்காலத்தில் இன்னொரு கவனம் வேண்டும். டெங்கு பரவும் நாட்களில் சீட்டில்லாமல் காய்ச்சலுக்குக் கேட்டு வருபவருக்கு ஐபுபுரூஃபன், மெஃபெனமிக் அமிலம் ஆகிய வலி, காய்ச்சல் மருந்துகள் இரண்டையும் கொடுக்கவே கூடாது. இரத்தக் கசிவுக்கான ஆபத்தை இவை கூட்டும். சீட்டில் எழுதியிருந்தால் மருத்துவரை அழைத்துக் கேட்ட பிறகு கொடுங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் எதையும் விற்காமல் மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

எதில் அளப்பது

ஒவ்வொரு வீட்டு ஸ்பூனும் ஒவ்வொரு கொள்ளளவு. பாலாடையும் அப்படித்தான். பாட்டிலோடு வரும் மூடியில் பெரும்பாலும் 2.5, 5, 10 கோடுகள்தான் இருக்கும், 3 மி.லி.யை அதில் நம்பி அளக்க முடியாது. 5 மி.லி. சிரிஞ்சு ஒன்றைக் கொடுத்து, ஊசியையும் அதன் மூடியையும் கடையிலேயே கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். சின்ன மூடி தொண்டையில் சிக்கும். சிரிஞ்சில் கொடுக்க வேண்டிய அளவுக் கோட்டில் மார்க்கரால் ஒரு குறி போட்டுவிட்டால், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் சரியாகக் கொடுப்பார். கன்னத்தின் உட்புறமாகச் சிறிது சிறிதாக விடச் சொல்லுங்கள், நேராகத் தொண்டைக்குள் பீய்ச்சினால் புரையேறும்.

டிரை சிரப்பைக் கடையிலேயே கலந்து கொடுங்கள்

பொடியாக வந்து நீர் கலந்து கொடுக்கும் மருந்துதான் டிரை சிரப். அமாக்சிசிலின்-கிளாவுலனிக் அமிலம் என்ற ஆன்டிபயாடிக் போன்ற டிரை சிரப்பில்தான் தவறு அதிகம் நடக்க இடமிருக்கிறது. பாட்டிலைத் தலைகீழாகத் தட்டி, அடியில் இறுகிய பொடியை உதிர்த்துவிடுங்கள். கொதித்து ஆறிய நீரையோ பெட்டியில் வரும் நீரையோ பாதி ஊற்றிக் குலுக்குங்கள். நுரை அடங்கும் வரை பொறுத்திருந்து, பிறகு கோடு வரை மீதியை ஊற்றி மறுபடி குலுக்குங்கள். நுரையோடு சேர்த்துக் கோட்டைப் பார்த்தால் தண்ணீர் குறைந்து மருந்து அடர்த்தியாகிவிடும். மொத்த நீரையும் ஒரே தடவையில் ஊற்றினால் பொடி அடியில் தங்கி, முதல் வேளைகள் நீர்த்தும் கடைசி வேளைகள் கூடுதலாகவும் போகும். சூடான நீர் மருந்தைக் கெடுத்துவிடும்.

கலந்த பிறகு பெட்டியில் அச்சிட்ட காலாவதித் தேதிக்குப் பொருளே இல்லை. அமாக்சிசிலின்-கிளாவுலனிக் கலவையை ஃபிரிட்ஜில் (ஃபிரீசரில் அல்ல) வைத்து ஏழு நாளுக்குள் முடிக்க வேண்டும். கலந்த தேதியையும் கொட்டிவிட வேண்டிய தேதியையும் பாட்டிலிலேயே எழுதுங்கள். வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை என்றால், தண்ணீரில் கரையும் மாத்திரையாக மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

பாட்டில் எண்ணிக்கையையும் கணக்குப் போடுங்கள். 5 மி.லி., தினம் இரு வேளை, ஐந்து நாள் என்றால் 50 மி.லி. வேண்டும். 30 மி.லி. பாட்டில் மூன்று நாளில் தீரும், காய்ச்சலும் அதற்குள் விட்டிருக்கும், பெற்றோர் அத்தோடு நிறுத்திவிடுவார்கள். இரண்டு பாட்டிலையும் அன்றே கொடுத்து, இரண்டாவதைக் கலக்காமல் வைத்து, எப்படிக் கலப்பது என்று செய்து காட்டுங்கள்.

செஃபிக்சிம், செஃபோடாக்சிம் போன்ற ஆன்டிபயாடிக்குகள் 2014 மார்ச் முதல், சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியலான அட்டவணை எச்1இல் உள்ளன. மருத்துவர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். "போன மாசம் இதேதான் எழுதினாங்க" என்று காலிப் பாட்டிலைக் காட்டினால் மறுத்துவிடுங்கள். சளிக்கும் சாதாரண வயிற்றுப்போக்குக்கும் பெரும்பாலும் காரணம் வைரஸ். ஆன்டிபயாடிக் அதைத் தொடாது.

வயிற்றுப்போக்கு: ஓ.ஆர்.எஸ்., ஜிங்க்

கையில் கொடுப்பது உலக சுகாதார நிறுவன ஃபார்முலாதானா என்று உறையைப் பாருங்கள்: ஒரு லிட்டருக்கு 20.5 கிராம் பொடி, சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம். டெட்ரா பேக்கில் வரும் இனிப்புப் பானங்கள் இதற்கு மாற்றல்ல, அதிலுள்ள சர்க்கரை பேதியைக் கூட்டும்.

லிட்டர் பாக்கெட் முழுவதையும் ஒரே தடவையில் ஒரு லிட்டர் நீரில் கரைக்க வேண்டும். டம்ளருக்கு ஒரு ஸ்பூன் என்று பிரித்துப் போட்டால் உப்பு எவ்வளவு போகிறது என்று யாருக்கும் தெரியாது. அடர்த்தியாகக் கலந்தால் இரத்தத்தில் சோடியம் ஏறும். வீட்டில் லிட்டர் பாத்திரம் இல்லையென்றால், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும். பாலிலோ ஜூஸிலோ கரைக்கக் கூடாது, கலந்ததைக் கொதிக்க வைக்கவும் கூடாது, 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கவும் கூடாது. இரண்டு வயதுக்குள் ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மி.லி., அதற்கு மேல் 100 முதல் 200 மி.லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு ஸ்பூன் ஸ்பூனாக மறுபடி கொடுக்கலாம். தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

ஜிங்க் மாத்திரை ஆறு மாதத்துக்கு மேல் 20 மி.கி., இரண்டு முதல் ஆறு மாதம் வரை 10 மி.கி., பேதி நின்றாலும் 14 நாள். பத்து மாத்திரை ஸ்டிரிப்போடு விடாமல் பதினான்கையும் எண்ணிக் கொடுங்கள். பேதியை நிறுத்தும் லோபராமைடு குழந்தைகளுக்குக் கூடாது. மலத்தில் இரத்தம், குழிவிழுந்த கண், சோர்ந்து கிடப்பது, எதைக் குடித்தாலும் வாந்தி, சிறுநீர் போகாமலிருப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் 108ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

இருமல் சிரப்

இரண்டு வயதுக்குள் இருமல், சளி சிரப் எதுவும் வேண்டாம். சளி மருந்தான குளோர்ஃபெனிரமின்-ஃபீனைலெஃப்ரின் கலவை நான்கு வயதுக்குள் கூடாது என்று 2023இல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவித்திருக்கிறது. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாராவில் குழந்தைகளின் உயிரைப் பறித்த, டை எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு வேதிப்பொருள் கலந்த சிரப் தயாரானது காஞ்சிபுரம் மாவட்டத்தில். அப்படி ஒரு எச்சரிக்கை வரும் நாளில், பில்லில் பேட்ச் எண்ணும் வாங்கியவர் போன் எண்ணும் இருந்தால்தான் அந்த வீட்டுக்கு அன்றே தகவல் போகும். மீதியை அலமாரியிலிருந்து எடுத்து "விற்பனைக்கு அல்ல" என்று எழுதித் தனியே பூட்டி, மருந்து ஆய்வாளருக்குத் தெரிவியுங்கள்.

மருந்து சாப்பிட்ட பிறகு தடிப்பு, முக வீக்கம், சிறுநீர் குறைவு என்று யாராவது சொன்னால் குழந்தையை உடனே மருத்துவரிடம் அனுப்பிவிட்டு, 1800-180-3024 என்ற இலவச எண்ணில் புகார் பதியுங்கள். குழந்தையின் பெயரின் முதலெழுத்தும் வயதும், என்ன ஆனது, எந்த மருந்து, தெரிவிப்பவர் யார் ஆகிய விவரங்கள் இருந்தால் போதும். மருந்துதான் காரணம் என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு உங்களுடையதல்ல.