வைல்டைச் சுற்றி நிற்கும் மந்தை: ஃபிரித்தின் ஓவியத்தில் பலர் தடுக்கி விழும் இடங்கள்

‘ராயல் அகாதமியில் ஒரு தனிப்பார்வை, 1881’ என்ற ஓவியத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலில் சறுக்குவது அதைப் புகைப்படமாக எண்ணிக்கொள்வதில்தான். ராயல் அகாதமி என்பது லண்டனின் ஓவியர் கழகம்; அதன் கண்காட்சி பொதுமக்களுக்குத் திறக்கும் முன், அழைப்பிதழ் உள்ளவர்கள் மட்டும் வந்து பார்க்கும் நாள்தான் தனிப்பார்வை. ஆங்கில ஓவியர் வில்லியம் பவல் ஃபிரித் அந்தக் காட்சியை வரைந்து மக்கள் பார்வைக்கு வைத்ததோ 1883-இல். பிரதமர் கிளாட்ஸ்டன், கவிஞர் பிரௌனிங், விஞ்ஞானி ஹக்ஸ்லி, நடிகை எலன் டெர்ரி என்று யார் எங்கே நிற்க வேண்டும், யார் யாரைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் ஓவியரின் ஏற்பாடு. இடப்பக்கம் நிற்கும் நாவலாசிரியர் டிரோலப் 1882 டிசம்பரிலேயே இறந்துபோனார். படம் மாட்டப்பட்டதை அவர் பார்க்கவில்லை. கிளாட்ஸ்டனின் பரம வைரியான முன்னாள் பிரதமர் டிஸ்ரேலியும் 1881 ஏப்ரலில் இறந்தவர்தான். ஓவியர் மில்லே தீட்டிய உருவப்படமாக அவரும் அந்த அறைக்குள் இருக்கிறார். எனக்கு இந்தக் குறும்பு பிடித்திருக்கிறது.

வலப்பக்கம், சட்டையில் லில்லிப் பூ குத்திக்கொண்டு, கையில் புத்தகத்தோடு எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டு. சுற்றிலும் வாய் பிளந்து கேட்கும் ரசிகர்கள். இங்கே ஓரினச்சேர்க்கைக்காக அவர் மாட்டிக்கொண்ட 1895-ஆம் ஆண்டு வழக்கையும் சிறையையும் நினைத்துக்கொண்டு உருகுகிறவர்கள் உண்டு. அது வேண்டாம். 1881-இல் அவருக்கு வயது 26. முதல் கவிதைத் தொகுப்பு வந்ததே அந்த ஆண்டுதான். அழகே தெய்வம் என்று திரிந்த, வைல்டு போன்ற அழகியல்வாதிகளை அப்போது மேடையிலும் கேலிச்சித்திரங்களிலும் கிண்டலடித்துக்கொண்டிருந்தார்கள். ‘பஞ்ச்’ என்ற நகைச்சுவை இதழில் அவர்களை வரைந்து தள்ளிய டு மோரியேவையும் ஃபிரித் இந்தக் கூட்டத்திலேயே நிறுத்தியிருக்கிறார்.

மேட்டுக்குடியினர் எல்லோரையும் ஓவியம் நையாண்டி செய்கிறது என்பதும் தவறு. அகாதமித் தலைவர் லெய்ட்டன் போன்றவர்கள் மரியாதையாகவே வரையப்பட்டிருக்கிறார்கள். அடி விழுவது வைல்டின் கூட்டத்துக்கும், இடப்பக்கம் விசித்திர உடையில் படங்களில் ஆழ்ந்துவிட்டதாகப் பாவனை செய்யும் ஒரு குடும்பத்துக்கும்தான். அவர்கள் அருகே எளிய தோற்றத்தில் டிரோலப்பை நிறுத்தியது அந்த வேறுபாட்டுக்காகவே. இதை ஃபிரித்தே 1887-இல் தன் சுயசரிதையில் ஒப்புக்கொண்டிருக்கிறார். ரசனைக்குத் தாங்களே நீதிபதியானவர்களின் பேச்சைக் கேட்கும் மடமையைச் சாட விரும்பினேன் என்கிறார். வைல்டின் ரசிகர்களுக்கு அவர் தரும் பெயர் மந்தை.

ஓவியரே சொன்ன பிறகு வேறென்ன என்று அதை அப்படியே வாங்கிக்கொள்வதுதான் இருப்பதிலேயே பெரிய பிழை. ஃபிரித் அந்தச் சண்டையில் ஒரு கட்சிக்காரர். குதிரைப் பந்தய மைதானம், ரயில் நிலையம் என்று கதை சொல்லும் கூட்டக் காட்சிகளை வரைந்து பேரும் பணமும் சேர்த்தவர். 1858-இல் அவருடைய ‘டெர்பி நாள்’ ஓவியத்தைக் கூட்டம் நெருக்காமலிருக்கக் கம்பித் தடுப்பு வைக்க வேண்டியிருந்தது. ஓவியத்துக்குக் கதையே தேவையில்லை, நிறமும் இசைவும் போதும் என்று அடுத்த தலைமுறை பேசத் தொடங்கியபோது ஆட்டம் கண்டது இவருடைய தொழில். அந்தப் பேச்சுக்காரர்களில் முக்கியமானவர் ஓவியர் விஸ்லர். விமர்சகர் ரஸ்கின் தன்னைத் தாக்கி எழுதியதற்காக அவர் 1878-இல் வழக்குத் தொடுத்தபோது, ரஸ்கின் தரப்புக்காகக் கூண்டேறியவர்களில் ஃபிரித்தும் ஒருவர். விஸ்லர் வென்றார், நஷ்டஈடு ஒரு ஃபார்திங், கால் பென்னி. ரஸ்கினை மட்டும் ரசனைக்கு நீதிபதியாக யார் நியமித்தார்கள் என்று ஃபிரித்திடம் கேட்டிருக்கலாம்.

1883-இல் இந்த ஓவியத்துக்கும் கம்பித் தடுப்பு தேவைப்பட்டது. பிரபலங்களில் யார் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்க அத்தனை கூட்டம்.