கொழும்பில் உலகக் கிண்ணம், நிலாவெளியில் காலி அறை: போட்டிக் காலத்துக்குத் தயாராகும் முறை

ஒரு பெரிய துடுப்பாட்ட (கிரிக்கெட்) தொடருக்கான அட்டவணை வெளியான மறுநாளே திருகோணமலைக் கரையின் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் சில விடுதிகளின் அறைக் கட்டணம் ஏறிவிடுவதுண்டு. கொழும்பு நிரம்பினால் மிச்சம் நம் கரைக்கு வழிந்து வரும் என்ற நம்பிக்கையே அதற்குக் காரணம். அது முற்றிலும் பொய்யான நம்பிக்கை அல்ல என்றாலும், எந்த மாதம், எந்த மைதானம், இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே எத்தனை நாள் என்று பாராமல் வைத்த நம்பிக்கை பெரும்பாலும் விரித்த படுக்கை விரித்தபடியே கிடப்பதில் போய் முடிகிறது. சில அறைகளோ, ஒரு வேனோ, நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவுக்கு ஓடும் ஒரு படகோ வைத்திருப்பவர் அட்டவணையைக் கையில் எடுத்ததும் என்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில், யார் வருவார்கள் என்பதோடு யார் வராமல் நின்றுவிடுவார்கள் என்பதையும் கணக்கிடுங்கள். 2012ஆம் ஆண்டு லண்டனில் ஒலிம்பிக் நடைபெற்றபோது, நகரம் நெரிசலால் திணறும், கட்டணங்கள் எகிறும் என்று அஞ்சிய வழக்கமான சுற்றுலாப் பயணிகள் பலர் அந்த ஓகஸ்ட் மாதத்தில் அங்கு செல்வதைத் தவிர்த்தனர். பிரித்தானியாவுக்கு வந்த வெளிநாட்டவரின் எண்ணிக்கை முந்தைய ஆண்டின் ஓகஸ்ட் மாதத்தைவிடக் குறைந்தது; வந்தவர்கள் செலவிட்ட தொகையோ கூடியது. ஆனால் அந்தச் செலவு அருங்காட்சியகங்களின் வாசலிலும் பழைய கோட்டைகளின் வாசலிலும் சமமாகப் பரவவில்லை. போட்டிக்கு வருபவர் போட்டியைப் பார்க்கவே வருகிறார், ஊர் பார்க்க வந்திருக்க வேண்டியவரோ வேறு ஊருக்கோ வேறு மாதத்துக்கோ போய்விடுகிறார். கொழும்பிலும் இதே கணக்குத்தான். நமக்கு வழக்கமாக வரும் பயணிகளில் பலர் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி ஓரிரு இரவு கொழும்பிலோ நீர்கொழும்பிலோ தங்கி, சிகிரியா வழியாகக் கிழக்குக்கு வருபவர்கள். கொழும்பில் அறை கிடைக்காவிட்டால் அந்தப் பயணம் முழுவதுமே தள்ளிப்போகலாம். ஆகவே போட்டி அறிவிக்கப்பட்டவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை விலையை ஏற்றுவது அன்று. அந்த வாரங்களுக்கு ஏற்கெனவே பதிவு செய்திருப்பவர்களுக்கு எழுதி, அவர்களுடைய பயணம் உறுதிதானா, கொழும்பில் தங்க இடம் கிடைத்ததா என்று கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால், நகரத்துக்குள் நுழையாமல் நீர்கொழும்பில் ஓரிரவு தங்கி, குருநாகல், தம்புள்ளை வழியாக நேரே வரச் சொல்லலாம்.

அடுத்தது மாதம். இந்த விடயத்தில் நம்மவர் அதிகம் சறுக்குவது இங்கேதான். கச்சான் என்னும் தென்மேல் காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான காலத்தில்தான் நமது கடல் அமைதியாக இருக்கும், புறாத்தீவுக்குப் படகு தடையின்றி ஓடும், திமிங்கிலம் பார்க்கவும் ஆள் வரும். அதே மாதங்களில் தென்மேல் பருவக்காற்று கொழும்பை நனைக்கிறது. வடகீழ் வாடைக்காற்று பெயர்ந்து இங்கே மாரி பிடித்து, அது ஓய்ந்த பிறகும் கடல் சிலகாலம் குழம்பிக் கிடக்கும்போது, மேற்கில் வானம் தெளிவாகி அங்கே ஆட்டம் களைகட்டுகிறது. 2011ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தின் இலங்கை ஆட்டங்கள் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் நடந்தன. 2026ஆம் ஆண்டின் இருபதுக்கு இருபது உலகக் கிண்ணத்துக்கும் பெப்ரவரி 7 முதல் மார்ச் 8 வரையான நாட்களே குறிக்கப்பட்டன. கொழும்பின் நல்ல காலமும் நமது நல்ல காலமும் அரிதாகவே கைகோக்கும். செப்டெம்பர் ஒன்றுதான் ஓரளவு பொதுவான மாதம், அதுவும் நம்பத்தகுந்ததன்று. 2023ஆம் ஆண்டு ஆசியக் கிண்ணத்தின்போது மழைக்கு அஞ்சிக் கொழும்பு ஆட்டங்களை அம்பாந்தோட்டைக்கு மாற்றப்போவதாகப் பேச்சு எழுந்து, கடைசியில் அவை கொழும்பிலேயே நடந்தன. இந்தியாவும் பாகிஸ்தானும் செப்டெம்பர் 10ஆம் திகதி தொடங்கிய ஆட்டம் மழையால் மறுநாளுக்கு நீண்டது. எனவே, மாரிக் காலத் தொடர் என்றால் கடலை முன்வைத்து விளம்பரம் செய்யாதீர்கள். கோணேசர் கோவில், பிரெட்ரிக் கோட்டை, அங்கே மேயும் மான்கள், கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள் என்று கரையில் காண வேண்டியவற்றைச் சொல்லுங்கள். படகுப் படத்தைப் போட்டு ஆளை வரவழைத்துவிட்டு, அலையைக் காட்டிக் கையை விரிப்பது நாணயமான தொழில் ஆகாது.

இதிலிருந்து நான் எடுக்கும் முடிவு ஒன்று: கொழும்பில் நடக்கும் உலகக் கிண்ணத்தைவிட, தம்புள்ளையில் நடக்கும் சிறிய தொடரே நமக்குப் பெரியது. மேற்கில் மழை பெய்யும் மாதங்களிலும் ஆடக்கூடிய உலர் வலயத்து மைதானம் தம்புள்ளை. அங்கே ஆட்டம் நடக்கும் காலமும் இங்கே கடல் அமைதியாக இருக்கும் காலமும் ஒன்றாக வருவது தற்செயல் அன்று, இரண்டுக்கும் காரணம் ஒரே காற்றுத்தான். கொழும்பு நமக்குச் சுமார் 260 கிலோமீற்றர். தம்புள்ளையோ அபறணை, கந்தளாய் வழியாக ஏறக்குறைய 105 கிலோமீற்றர். 2024ஆம் ஆண்டு மகளிர் ஆசியக் கிண்ணம் முழுவதும் ஜூலை 19 முதல் 28 வரை தம்புள்ளையில்தான் நடந்தது. இறுதியாட்டத்தில் இந்தியாவை வென்று இலங்கை மகளிர் கிண்ணத்தைத் தூக்கினார்கள். நமது சீசனின் நடுவே, இரண்டரை மணி நேரப் பயணத் தொலைவில், பத்து நாள் தொடர் ஒன்று நடந்தது. அதைப் பற்றி இங்கே எத்தனை விடுதிகள் தங்கள் பக்கத்தில் ஒரு வரியாவது எழுதின என்று கேட்டால், விரல்களுக்கு வேலை இருக்காது என்றே நினைக்கிறேன். மகளிர் ஆட்டம்தானே என்ற அலட்சியமும் அதில் இருந்திருக்கும்.

அட்டவணையை வாசிக்கும்போது ஆட்ட நாட்களைவிட ஆட்டமில்லாத நாட்களைக் கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள். 2011ஆம் ஆண்டு கொழும்பில் காலிறுதி மார்ச் 26ஆம் திகதியும் அரையிறுதி 29ஆம் திகதியும் நடந்தன. இடையில் இருந்தவை இரண்டு நாட்கள். கொழும்பிலிருந்து இங்கு வர ஆறேழு மணி நேரம், திரும்பவும் அவ்வளவே என்றால், ஒருவர் கடற்கரையில் செலவிட மிஞ்சுவது ஓர் இரவும் ஒரு காலைப்பொழுதும் மட்டுமே. அதற்காக யாரும் புறப்படமாட்டார்கள். கொழும்புத் தொடருக்குக் குறைந்தது நான்கு வெறும் நாட்கள் சேர்ந்து வந்தால்தான் நமக்கு வேலை உண்டு. தம்புள்ளைக்கு ஒரு நாள் போதும். மேலே சொன்ன மகளிர் தொடரில் அரையிறுதிகள் ஜூலை 26ஆம் திகதியும் இறுதியாட்டம் 28ஆம் திகதியும் நடந்தன. 27ஆம் திகதி காலை புறப்பட்டால் மதியச் சாப்பாடு நிலாவெளியில், மறுநாள் விடியற்காலை கடல் குளியல், பிறகு நேரே மைதானம். இப்படி நாளையும் நேரத்தையும் குறிப்பிட்டு ஓரிரவுத் திட்டமாக எழுதி, தம்புள்ளையிலும் அபறணையிலும் உள்ள விடுதிகளுக்கும் வேன் ஓட்டுநர்களுக்கும் முன்கூட்டியே கொடுத்துவையுங்கள். கண்டிக்கு அருகிலுள்ள பல்லேகலை இவ்விரண்டுக்கும் நடுத்தரம். இரண்டு வெறும் நாட்கள் இருந்தால் முயன்று பார்க்கலாம்.

பயணத்தில் ஓர் எச்சரிக்கை உண்டு. பகலிரவு ஆட்டம் முடிய இரவு பத்து மணியைத் தாண்டிவிடும். அதன்பின் அபறணையிலிருந்து கந்தளாய்ப் பக்கம் வரும் வீதியில் யானை குறுக்கே நிற்பது நம்மவருக்குப் பழகிய காட்சி, வெளியூர் ஓட்டுநருக்கு அப்படி அன்று. இரவே வந்துவிடுகிறோம் என்று விருந்தினர் சொன்னால், தம்புள்ளையில் தங்கிக் காலையில் புறப்படச் சொல்லுங்கள். ஓரிரவு வாடகை போனாலும் பரவாயில்லை. அதேபோல, பெரிய தொடரின்போது இங்குள்ள வேன்கள் நல்ல வாடகைக்குக் கொழும்புப் பக்கம் போய்விடுவதால், உங்களுடைய விருந்தினரை ஏற்றி இறக்க ஒருவரையாவது முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது அவசியம்.

முற்பணம், இரத்து பற்றிய நிபந்தனைகளைப் போட்டிக் காலத்துக்கெனத் தனியாக எழுதுங்கள். தொடர்கள் இடம்மாறும், நின்றுபோகும் என்பதற்கு நமது நாட்டைவிட நல்ல உதாரணம் வேண்டாம். 1996 ஜனவரி 31ஆம் திகதி கொழும்பு மத்திய வங்கிக் குண்டுவெடிப்புக்குப் பின் அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் இங்கு வந்து ஆட மறுத்தன. 2022இல் பொருளாதார நெருக்கடியால் ஆசியக் கிண்ணம் ஐக்கிய அரபு அமீரகத்துக்குப் போனது. 2025 ஒக்டோபரில் மகளிர் உலகக் கிண்ணத்தின் கொழும்பு ஆட்டங்களில் பல மழையால் முடிவின்றிப் போயின. இத்தகைய நிலையில் பணத்தைத் திருப்பித் தரமாட்டேன் என்று பிடிவாதம் பிடிப்பதைவிட, பத்து நாட்களுக்கு முன்பு வரை முழுத் தொகையும் திரும்பக் கிடைக்கும், அதன்பின் திகதியை ஒருமுறை கட்டணமின்றி மாற்றிக்கொள்ளலாம் என்று எழுதுவது இரு பக்கத்துக்கும் நல்லது. மேலதிக நாள் ஒதுக்கப்பட்ட ஆட்டம் என்றால் விருந்தினர் ஒரு நாள் பிந்தக்கூடும் என்பதை முன்கூட்டியே எதிர்பார்த்து, மறுநாள் அந்த அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிடாதீர்கள். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும்: 2023 ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில் இலங்கை 50 ஓட்டங்களுக்குச் சுருண்டு, நாள் முழுவதும் நடக்க வேண்டிய ஆட்டம் வெகுசீக்கிரத்தில் முடிந்தது. (அதை நினைவூட்டியதற்கு மன்னிக்கவும்.)

சமையலறையில் பெரிய மாற்றம் தேவையில்லை. சைவச் சாப்பாடும் ஹலால் உணவும் இரண்டும் இயல்பாகக் கிடைக்கும் ஊர் இது. இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வரும் இரசிகர்களுக்கு அதுவே பெரிய வசதி. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். நாம் மரக்கறிச் சாப்பாடு என்று நினைத்து வைக்கும் தேங்காய்ச் சம்பலில் மாசிக் கருவாடு இருந்தால், இந்தியச் சைவ விருந்தினருக்கு அது மீன். மாசி போடாத சம்பலைத் தனியே அரைத்து வையுங்கள், அல்லது முன்பே சொல்லிவிடுங்கள்.

உள்நாட்டுப் பயணிகளையும் எண்ணிப் பாருங்கள். போயா (முழுநிலா) விடுமுறைகளிலும் ஓகஸ்ட் பாடசாலை விடுமுறையிலும் கொழும்பு, கண்டிப் பக்கத்திலிருந்து வரும் குடும்பங்கள், இலங்கை ஆடும் முக்கியமான நாளில் வீட்டுத் தொலைக்காட்சியை விட்டு அசையமாட்டார்கள். தொடர்பு அறுபடாத ஒரு தொலைக்காட்சி முற்றத்தில் உண்டு, மின்வெட்டுக்கு மின்பிறப்பாக்கியும் உண்டு என்று பதிவில் தெளிவாகப் போட்டால், அந்தக் குடும்பங்களில் சிலவற்றையாவது பிடிக்கலாம்.

தொடர் முடிந்தபின் அது உங்களுக்கு உதவியதா என்பதை மனக்கணக்கில் முடிவு செய்யாதீர்கள். வந்த ஒவ்வொரு விருந்தினரிடமும் ஆட்டம் பார்க்க வந்தீர்களா என்ற ஒரே கேள்வியைக் கேட்டுக் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வாரங்களில் நிரம்பிய அறைகளை, தொடர் இல்லாத முந்தைய ஆண்டின் அதே வாரங்களோடு ஒப்பிடுங்கள். இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை மாதந்தோறும் வெளியிடும் அறிக்கையில் எந்த நாட்டவர் எத்தனை பேர் வந்தனர் என்ற பட்டியல் இருக்கும். ஆடிய நாடுகளிலிருந்து வருகை கூடியும் உங்கள் கொப்பியில் அந்நாட்டவர் இல்லையென்றால், அவர்கள் கொழும்போடு திரும்பிவிட்டார்கள் என்று பொருள். அப்படியானால் அடுத்த முறை கொழும்பு அட்டவணைக்காக விலையை மாற்ற வேண்டாம், தம்புள்ளைக்கு எப்போது ஆட்டம் வருகிறது என்று பாருங்கள்.