‘அப்புறம்?’ என்று கேட்பதற்கு முன்

போன மாதம் தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில், ஒரு கோயில் கூடத்தில் கவுன்சலிங் கற்க வந்த பன்னிரண்டு பேரோடு உட்கார்ந்திருந்தேன். இரண்டிரண்டு பேராகப் பயிற்சி. ஒருவர் தன் துயரத்தைச் சொல்பவராக நடிக்க வேண்டும், மற்றவர் கேட்க வேண்டும். ஐந்தே நிமிடத்தில் கூடம் முழுக்க ஒரே சொல்தான் காதில் விழுந்தது: “அப்புறம்?” எல்லோரும் முன்னால் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதினெட்டு வருடத்துக்கு முன் நானும் அப்படிச் சாய்ந்து உட்கார்ந்தவள்தான்.

நேரத்துக்கு வருவது, கேட்டதை வெளியே சொல்லாமல் இருப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும். வருடக்கணக்கில் அடிபட்டு வளர்ந்தவர்களைக் கேட்கும்போது, தெரிந்தவர்களும் செய்கிற தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

குணம் என்று எழுதிவிடுவது

கார் விபத்து மாதிரி ஒரு நாளில் நடந்து முடிந்தது வேறு. சின்ன வயதிலிருந்து வருடக்கணக்கில், தப்பிக்க வழியில்லாத வீட்டுக்குள் நடந்தது வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் இந்த இரண்டாவது வகைப் பாதிப்புக்குக் காம்ப்ளெக்ஸ் பிடிஎஸ்டி என்று தனி இடம் உண்டு. (பிடிஎஸ்டி என்பது பேரதிர்ச்சிக்குப் பிறகு விடாமல் தொடரும் மனப் பாதிப்பு.) பழையது இப்போதே நடப்பதுபோல் திரும்ப வருவது, அதை நினைவுபடுத்துவதையெல்லாம் ஒதுக்குவது, எந்நேரமும் ஆபத்து பக்கத்தில் இருப்பதாகத் தோன்றுவது ஆகிய மூன்றும் சாதாரண பிடிஎஸ்டியிலும் இருக்கும். இதில் இன்னும் மூன்று சேரும்: உணர்ச்சி கைக்கு அடங்காமல் போவது, ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற ஊறிப்போன எண்ணம், யாரிடமும் நெருங்கி நிலைக்க முடியாமை.

இந்தக் கடைசி மூன்றைத்தான் குடும்பம் “கோபக்காரி”, “யாரோடும் ஒத்துப்போகமாட்டா” என்று பெயர் வைத்து நம்மிடம் அனுப்புகிறது. அந்தப் பெயரை அப்படியே ஃபைலில் எழுதாதீர்கள்.

முதல் நாளே கொட்டச் சொல்வது

“மனசுல இருக்கிறதைக் கொட்டிடுங்க, பாரம் குறையும்.” நம் ஆட்கள் வழிவழியாகச் சொல்லி வருவது இது. மாமியாரோடு சண்டை, ஆபீஸில் மனக்கசப்பு என்றால் சரிதான். இங்கே அது ஆளையே சாய்த்துவிடும்.

பதினெட்டு வருடத்துக்கு முன் என்னிடம் வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். ஆண்ட்டி என்றுதான் கூப்பிட்டேன். (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.) அப்பா குடித்துவிட்டு அடித்ததை இங்கிலீஷில், யார் வீட்டிலோ நடந்ததுபோல் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அது போதவில்லை. உள்ளே போக வேண்டும் என்று நினைத்துத் தமிழுக்கு மாறினேன். “அப்போ கதவு சாத்தியிருந்துச்சா, ஆண்ட்டி?”

‘கதவு’ என்ற சொல் அவரை எட்டு வயதுக்குக் கொண்டுபோய் விட்டது. அடி விழுந்த காலத்தில் வீட்டில் பேசிய மொழி தமிழ்தான். குரல் சின்னதானது. கண் என் தோளுக்குப் பின்னால் சுவரில் குத்திட்டு நின்றது. முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார், விரல் நுனி வெளுக்கும்வரை. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் “அப்புறம்?” என்றேன். ஐம்பது நிமிடம் பேசினார். போகும்போது நன்றி சொன்னார். முதல் நாளே இவ்வளவு வெளியே வந்துவிட்டதே என்று எனக்குப் பெருமை.

அதன் பிறகு நான்கு நாள் அவர் தூங்கவில்லை, வேலைக்கும் போகவில்லை. எனக்கு அது எட்டு மாதம் கழித்து அவர் திரும்பி வந்தபோதுதான் தெரியும். “உங்ககிட்ட வந்துட்டுப் போனதும் என் வீடு மறுபடி அந்த வீடா ஆயிடுச்சும்மா” என்றார். அந்த எட்டு மாதத்தை நான்தான் அவருக்குக் கொடுத்தேன்.

அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992-லேயே குணமாகும் வரிசையைச் சொல்லிவிட்டார்: முதலில் பாதுகாப்பு, பிறகு நினைவுகூர்ந்து துக்கம் காப்பது, அப்புறம் வாழ்க்கையோடு மீண்டும் ஒட்டுவது. முதல் கட்டம் எல்லோருக்கும் தேவையா, எவ்வளவு நாள் தேவை என்று ஆய்வாளர்களிடையே வாதம் உண்டு. வருடக்கணக்கில் காத்திருங்கள் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் எதிரில் இருப்பவர் இந்த அறையில்தான் இருக்கிறாரா என்று பார்க்காமல் அடுத்த கேள்வி கேட்க யாருக்கும் உரிமை இல்லை.

முதல் சில வாரம் இதையெல்லாம் கேளுங்கள்: தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, வீட்டில் யார் யார், அடித்தவர் இன்னும் பக்கத்தில் இருக்கிறாரா. இருந்தால், இங்குள்ள 1998-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டப்படி மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம் என்று சொல்லுங்கள். அடி நிற்காத வீட்டிலிருந்து வருபவரிடம் பழைய அடியைப் பற்றிப் பேசுவதில் என்ன இருக்கிறது?

கண் குத்திட்டு நின்றால் கதையை அங்கேயே நிறுத்துங்கள். “ஆண்ட்டி, இன்னைக்கு இது போதும். கால் தரையில படுதா?” குளிர்ந்த தண்ணீர் டம்ளரைக் கையில் கொடுங்கள். வெளியே என்ன சத்தம் கேட்கிறது என்று கேளுங்கள். கூரைமேல் மைனா கத்துவதைச் சொல்வார், பஸ் போவதைச் சொல்வார். முகத்தில் நிறம் திரும்புவது தெரியும்.

இரண்டாம் முறை வந்தபோது அவருடைய நாற்காலியை வாசல் தெரிகிற மாதிரி திருப்பிப் போட்டேன். ஆறு வாரம் தூக்கத்தைப் பற்றியே பேசினோம். ஏழாவது வாரம் அவராகவே “அந்தக் கதவைப் பத்திக் கொஞ்சம் பேசலாமா?” என்றார். பத்து நிமிடம் பேசினார். கடிகாரத்தைப் பார்த்து, “போதும்” என்று அவரே நிறுத்தினார்.

பேத்தியை மொழிபெயர்க்க வைப்பது

ஆயாவுக்கு இங்கிலீஷ் வராது, பேத்திக்குத் தமிழ் அரைகுறையாகத்தான் வரும். ஆயா பாதியை விழுங்கிவிடுவார். மீதி அந்தப் பிள்ளையின் தலையில் ஏறும். வெளியாள் ஒருவரைத் தேடுங்கள்.

மன்னிக்கச் சொல்வது

சொல்லாதீர்கள்.

மாத்திரையை நிறுத்தச் சொல்வது

அது டாக்டர் வேலை.

அழுகையோடு அனுப்பிவைப்பது

ஐம்பதாவது நிமிடத்தில் அழுதுகொண்டிருப்பவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார்கள். வெளியே அவர் மினிபஸ் டாக்ஸி பிடிக்க வேண்டும், ரோடு கடக்க வேண்டும். கடைசிப் பத்து நிமிடத்தில் புதிதாக எதையும் தொடாதீர்கள். எதில் போகிறார், வீட்டில் யார் இருப்பார்கள் என்று விசாரித்துவிட்டு, “ராத்திரிக்கு என்ன சமையல்?” என்று கேட்பேன். “பீன்ஸ் கறி, ரொட்டி” என்று தெளிவாகப் பதில் வந்த பிறகுதான் எழுந்து கதவைத் திறப்பேன்.