பஸ்பாரில் சுழல் மின்னோட்டம்: விளிம்பை மட்டும் துண்டு போடுங்கள்

கோவை கணபதி பக்கம் ஃபவுண்டரிகளில் இண்டக்‌ஷன் ஃபர்னஸுக்குப் போகும் செம்பு பஸ்பார் (அதிக கரண்ட் கடத்தும் தடித்த பட்டை) ஏன் அப்படிச் சுடுகிறது என்று கணக்குப் பார்க்கத்தான் விளிம்பை மட்டும் துண்டாக்கிக் கணக்கிடும் எல்லை உறுப்பு முறையைக் கையில் எடுத்தேன். எஃப்இஎம் (இடம் முழுவதையும் சிறு கட்டங்களாக்கும் முறை) என்றால் சுற்றியுள்ள காற்றுக்கும் மெஷ் போட வேண்டும். இதில் செம்பின் விளிம்பே போதும். விலை கொடுத்து மென்பொருள் வாங்காதீர்கள். பைத்தானும் அதன் கணிதத் தொகுப்பான நம்பையும் இருந்தால் சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும்.

1 கிலோஹெர்ட்ஸில் செம்பின் தோல் ஆழம் (ஏசி கரண்ட் மேற்பரப்பிலிருந்து உள்ளே இறங்கும் அளவு) சுமார் 2.1 மி.மீ. 100-க்கு 10 மி.மீ. பாரில் கரண்ட் பெரும்பாலும் மேலோட்டமாகவே ஓடும். ஆகவே காந்த வெக்டர் பொட்டென்ஷியல் (காந்தப்புலத்தைக் கணக்கிட உதவும் அளவு) விளிம்பு முழுக்க ஒரே மதிப்பு என்று கொள்ளலாம்.

குறுக்குவெட்டின் சுற்றளவை 400 துண்டாக்குங்கள். மூலைகளில் கரண்ட் குவியும், அங்கே துண்டு பொடியாக இருக்கட்டும். தெரியாதவை ஒவ்வொரு துண்டின் கரண்ட் அடர்த்தி. மேட்ரிக்ஸில் துண்டுக்கு ஒரு வரி, ஒரு நிரல். ஒவ்வொரு கட்டத்துக்கும்: நிரலின் துண்டு நீளம் பெருக்கல் மைனஸ் லாக் தூரம் (இரண்டு துண்டுகளின் மையங்களுக்கு இடையே). மூலைவிட்டத்தில் தூரம் பூஜ்யம். அங்கே நீளத்தை, 1-லிருந்து பாதி நீளத்தின் லாகைக் கழித்து வருவதால் பெருக்குங்கள். லாக் என்றால் இயல் மடக்கை. நம்பையில் லாக்10 வேண்டாம்.

பலரும் சிக்குவது அடுத்த இடத்தில். சமன்பாட்டின் வலப்பக்கம் (விளிம்பின் அந்த ஒரே மதிப்பு) எல்லாம் 1 போட்டுத் தீர்த்தால், மீட்டரில் ஒரு விடை, மி.மீ.-ல் மைனஸில் இன்னொரு விடை. ஆரம் சரியாக 1 உள்ள வட்டக் கம்பிக்கு மேட்ரிக்ஸே கிட்டத்தட்ட தலைகீழாக்க முடியாததாகிவிடும். லாகுக்கு அலகு மாறினால் ஒரு மாறிலி கூடும், அதுதான் காரணம். அந்த 1-ஐ நாமாக முடிவு செய்யவே கூடாது. அதையும் தெரியாத எண்ணாக வைத்து ஒரு நிரல் சேருங்கள். துண்டு நீளத்தோடு பெருக்கிய விடைகளின் கூட்டுத்தொகை மொத்த கரண்ட் என்று ஒரு வரியும் சேருங்கள். அப்புறம் எந்த அலகிலும் பயமில்லை.

கிடைப்பது ஒவ்வொரு துண்டிலும் மீட்டருக்கு இத்தனை ஆம்பியர். அதன் வர்க்கத்தை நீளத்தாலும் மேற்பரப்பு மின்தடையாலும் (இங்கே சுமார் 8.25 மைக்ரோ ஓம்) பெருக்கிக் கூட்டினால் ஒரு மீட்டர் பாரின் வெப்ப இழப்பு. எல்லாம் ஆர்எம்எஸ் மதிப்பில் (ஏசியின் உச்சம் அல்ல, அதே சூடு தரும் டிசி அளவு), இந்தக் கட்டத்தில் நீளம் மீட்டரில்.

முதலில் 10 மி.மீ. ஆரக் கம்பியில் சரிபாருங்கள். டிசி மின்தடையைப் போல 2.39 மடங்கு வரும். பெசல் சார்பின் துல்லிய விடை 2.66. தோல் மெலிதாக ஆக, அதாவது அதிர்வெண் ஏற ஏற, இரண்டும் நெருங்கும்.

பிற்சேர்க்கை: போகிற பார், வருகிற பார் இரண்டும் அருகருகே இருந்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்டார்கள். பாருக்கு ஒரு மாறிலி, ஒரு வரி. ஒன்றில் கரண்ட் பிளஸ், மற்றதில் மைனஸ். எதிரெதிர் முகங்களில் கரண்ட் குவியும், ஆகவே அங்கே துண்டு நீளம் பார்களின் இடைவெளியைவிடக் குறைவாக இருக்க வேண்டும்.