துருக்கிய மொழியில் ‘வந்ததும் கூப்பிடுவான்’
‘கெலின்ஜே அராயஜக்’: வந்ததும் கூப்பிடுவான். எதிர்காலம் கடைசி வினையில் மட்டும்தான்; ‘கெல்’ (வா) என்பதோடு ‘இன்ஜே’ சேர்ந்த ‘கெலின்ஜே’வில் காலமும் இல்லை, ஆளும் இல்லை. ‘பார்’ என்ற பொருள் தரும் ‘பக்’ வந்தால் ‘பக்கின்ஜா’. உயிரில் முடியும் ‘ஒக்கு’ (படி) இடையில் யகரம் வாங்கி ‘ஒக்குயுன்ஜா’ ஆகும்.

பலர் சறுக்குவது ‘ஸமான்’ (நேரம்) சேர்க்கும்போது. நாளை நடப்பதுதானே என்று எதிர்கால வடிவத்தில் ‘கெலெஜெயி ஸமான் அராயஜக்’ என்றால், கிளம்பி வரப்போகும்போதே, அதாவது வருவதற்கு முன்பே கூப்பிடுவான் என்று பொருள் மாறிவிடும். வந்த பிறகு என்றால் இறந்தகால வடிவமான ‘கெல்தியி ஸமான்’தான் சரி. தமிழும் இப்படித்தானே: நாளைய வருகைக்கும் ‘வந்ததும்’, ‘வந்த பிறகு’ என்று இறந்தகால வடிவத்தையே வைக்கிறோம். அந்தப் பழக்கத்தை நம்பலாம்.

‘முன்’னுக்கு மட்டும் எதிர்மறை: ‘கெல்மெதென் ஒன்ஜே’, வருவதற்கு முன். அந்த ‘மெ’யை விடாதீர்கள்.